சத்தம் போடாத பொட்டி

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வருஷக் கணக்கு முடிப்பு, அது முடிஞ்ச கையோட ஆடிட்டுன்னு ஓடிப்போச்சு. பேங்க்ல குப்பை கொட்டுறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. :-)

போன பதிவுல போற போக்குல, "வீட்டுக் கம்ப்யூட்டரை நானே பூட்டினேன், ஓடுதா இல்லையான்னே தெரியல"ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். மஸ்கட்ல இருந்து ஒருத்தர், சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு பேர், அந்தமானுக்கே மாத்தலாகி வரப்போற ஒருத்தர்னு நாலு பேர் விவரம் கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்கயே கொட்டிடுறேன்.

டிஸ்கி: அடியேன் பி.காம். எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், கணக்கு பாக்கத் தெரியும். இந்த வேலைக்கு அது ரெண்டும் போதும்.

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை. நாங்க இருக்கிறது புரோத்ராபூர். போர்ட் பிளேரை ஒட்டின புறநகர். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. ஆனா வாய் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லுது.) மாவட்டச் சிறை இங்கதான் இருக்கு. "எங்க வீடு?"ன்னு யாராவது கேட்டு நான் "புரோத்ராபூர்"னு சொன்னா, "உள்ளயா வெளியிலயா?"ன்னு கேக்காத ஆபீஸ் நண்பர்கள் இல்ல.

வருஷத்துக்குச் சுமாரா 3,000 மில்லிமீட்டர் மழை. நம்ம சென்னைக்கு 1,400 தான். மே மாசம் ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ரெண்டு பருவமழையும் மாத்தி மாத்தி வெளுக்கும். வெயில் சென்னை மாதிரி 40 டிகிரி எல்லாம் போகாது, வருஷம் பூரா பகல்ல 30, 31ல நிக்கும். ஆனா காத்துல ஈரம் எப்பவும் 80 சதவீதத்தைச் சுத்தியே இருக்கும். துணி காயாது, தோல் பெல்ட்டுல பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நிக்கும். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். அதனால ராத்திரி ரொம்ப நீளம். வீட்டுல கம்ப்யூட்டர் ஓடுற நேரமும் நீளம்.

இந்த ஊர்ல ஒரு கம்ப்யூட்டருக்கு எதிரிங்க அஞ்சு பேர். சூடு, ஈரம், கடல் உப்பு, கரண்ட், பல்லி. கடைசியைப் படிச்சு சிரிக்காதீங்க. எங்க பழைய பொட்டியைத் திறந்தப்போ எஸ்எம்பிஎஸ் பக்கத்துல ரெண்டு முட்டை இருந்துச்சு. கதகதப்பா இருக்குல்ல, குடித்தனம் வந்திருச்சு. பின்னாடி கார்டு மாட்டுற இடத்துல ரெண்டு மூடித் தகடு இல்லாம திறந்து கிடந்தது, அதுதான் வாசல்.

நிற்க. எதுக்கு இந்த வேலையில இறங்கினேன்னு சொல்லணும்.

அம்மா கோவில்பட்டியில இருக்காங்க. வயசு 74. கூட வாங்கன்னா வர மாட்டாங்க. "கப்பல்ல மூணு நாளா? பிளேனா? ரெண்டும் வேண்டாம்யா"ன்னு முடிச்சிட்டாங்க. அக்கா பக்கத்துத் தெருவுல இருக்கா, அதனால கவலை கொஞ்சம் கம்மி. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நாங்க நாலு பேரும் மேஜை முன்னாடி உக்காந்து அம்மாகிட்ட வீடியோவுல பேசுவோம். பேத்தி, பேரன், தங்கமணி, நான். ரெண்டு வருஷமா அம்மாவுக்குக் காது மந்தம், மிஷின் வெச்சிருக்காங்க.

கொஞ்ச நாளா ஒண்ணு கவனிச்சேன். அம்மா முதல்ல கேக்கிற கேள்வி, "அங்க மழை பெய்யுதோ?" பெய்யாத அன்னைக்கும் கேப்பாங்க. அப்புறம் நாங்க என்ன சொன்னாலும் "சரிய்யா, சரிய்யா". பொண்ணு பரீட்சை மார்க்கைச் சொன்னாலும் "சரித்தா". பத்து நிமிஷத்துல "தூக்கம் வருது, வைக்கட்டா?" வயசாச்சு, அலுப்புன்னு நினைச்சுக்கிட்டோம்.

ஒரு நாள் டாக்டர் பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடுத்திருந்தார். "அம்மா, பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா, ரெண்டையும் சேத்துப் போடச் சொன்னாரா?"ன்னு கேட்டேன். அம்மா சிரிச்ச முகமா, "சரிய்யா"ன்னாங்க.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மறுபடி கத்திக் கேட்டேன். மறுபடியும் "சரிய்யா". அக்காவைப் போன்ல கூப்பிட்டு, அவ ஓடிப் போய்ப் பாத்து, டாக்டர் சீட்டைப் படிச்சு, பழைய மாத்திரையை எடுத்து வெச்சா. நல்லவேளை, அன்னைக்கு ராத்திரி டோஸ் இன்னும் போடல. அப்புறம் அக்கா மெதுவா விசாரிச்சப்போ அம்மா சொன்னது: "அவன் பேசும்போது ஒரே மழைச் சத்தமா கேக்கு. பிள்ளைங்க மனசு கஷ்டப்படுமேன்னு சரி சரின்னுதேன்." எத்தனை மாசமா இப்படின்னு அவங்களுக்கே தெரியல.

அந்த மழை, மேஜை மேல மைக் பக்கத்துல இருந்த எங்க பழைய பொட்டியோட காத்தாடிச் சத்தம்.

காது மிஷின் பொருத்தினவங்ககிட்ட அக்கா கேட்டா. அவங்க சொன்னது எனக்குப் புதுசு. வயசான காதுல முதல்ல போறது கீச்சுக் குரல் மாதிரியான உயர்ந்த ஒலிங்க. நாம பேசும்போது ச, க, த, ப மாதிரி மெய்யெழுத்துங்களை அடையாளம் காட்டுற சன்னமான ஒலியெல்லாம் அந்தப் பக்கம்தான் அதிகம். அ, ஆ எல்லாம் கேக்கும், வார்த்தை புரியாது. அது கூட ஒரே மாதிரி இரைச்சலும் சேந்துட்டா மிச்சம் இருக்கிறதும் அமுங்கிடும். மிஷின் பேச்சைப் பெருசாக்கும்போது இரைச்சலையும் சேத்துத்தான் பெருசாக்கும். "எதிர்ப்பக்கம் சத்தம் குறைஞ்சா பாதிப் பிரச்சினை போயிடும்"னாங்க.

நீங்க கேக்கப் போறது தெரியும். இரைச்சலை நீக்குற சாப்ட்வேர் இருக்கே? போட்டுப் பாத்தேன். அது இரைச்சலோட சேத்து வார்த்தையோட வாலையும் வெட்டுது. பையன் மெதுவா பேசினா அவனையும் இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடுது. ஹெட்போன்? நாலு பேர் சேந்து பேசும்போது அது எப்படி. பொட்டியைத் தள்ளி வெச்சா? மேஜைக்குக் கீழ வெச்சுப் பாத்தேன். வெட்டவெளியில தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். சின்ன சிமெண்ட் ரூம்ல சுவர்ல பட்டுத் திரும்பி வந்துடுது. ஆபீஸ் லேப்டாப் ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான், அதைத் தொடக் கூடாது.

இன்னொண்ணும் யோசிச்சேன். இந்தத் தீவுக்கு 2020 வரைக்கும் வெளியுலகத் தொடர்பு சாட்டிலைட் வழியாத்தான். சத்தம் 36,000 கிலோமீட்டர் மேல போய் அதே தூரம் கீழ இறங்கணும். நீங்க பேசி, அவங்க பதில் திரும்பி வர அரை செகண்டாவது ஆகும். அந்தக் காலத்துல இங்க இருந்த சீனியர்ங்க கதை கதையா சொல்வாங்க. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையில இருந்து கடலுக்கடியில போட்ட கேபிளைத் தொடங்கி வெச்சாங்க. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேர் மட்டுமில்ல, கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லிட்டில் அந்தமான், ஹேவ்லாக் (இப்போ ஸ்வராஜ் த்வீப்), லாங் ஐலண்ட், ரங்கத் வரைக்கும் போகுது. நாங்க 2023ல வந்தப்போ படம் திக்கித் திணறாம ஓடுச்சு. அவ்வளவு பெரிய கடலைத் தாண்டி என் குரல் ஒழுங்கா போய்ச் சேருது. கெடுக்கிறது என் மேஜை மேல இருக்கிற ரெண்டு அடிதான். அதையாவது நாம சரி பண்ண வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கணக்குப் பிள்ளை பார்வையில கம்ப்யூட்டர் ரொம்ப எளிசு. டபுள் என்ட்ரி மாதிரி. உள்ள எத்தனை வாட் மின்சாரம் போகுதோ அத்தனை வாட்டும் சூடா வெளிய வரணும். நடுவுல எங்கயும் தங்காது. நீங்க கணக்கு எழுதினாலும் சினிமா பாத்தாலும் கடைசியில எல்லாம் சூடுதான். அதனால சத்தத்தைக் குறைக்கணும்னா முதல் வேலை காத்தாடி வாங்குறது இல்ல. வரவைக் குறைக்கிறது. குறைச்சலா மின்சாரம் குடிக்கிற உறுப்புகளாப் பாத்து எடுத்தா வெளியேத்த வேண்டிய சூடும் குறையும், காத்தாடியும் மெதுவா சுத்தினா போதும்.

நான் எடுத்தது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021ல வந்தது, 65 வாட் வகை. கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, தனி கார்டு வேண்டாம். பசங்க விளையாட்டுக்குப் பெரிய கார்டு கேட்டாங்க. அது இன்னொரு அடுப்பு, ரெண்டு காத்தாடி. "ஆச்சிகிட்ட பேசுறதுக்குத்தான் இந்தப் பொட்டி"ன்னு தங்கமணி தீர்ப்புச் சொல்லிட்டாங்க. மேல்முறையீடு கிடையாது.

ஹார்டு டிஸ்க்கும் வேண்டாம். சுத்துற தட்டு இருந்தா அதிர்வு கேபினட் தகட்டுல ஏறி, தகடே ஸ்பீக்கர் மாதிரி ரீங்காரம் போடும். 1 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு, அசையுற பாகமே இல்ல. பழைய ஹார்டு டிஸ்க்கை வெளிப்பெட்டியில போட்டு, பேக்கப் எடுக்கும்போது மட்டும் சொருகுறோம்.

மின்சாரம் அளக்குற சின்ன மீட்டர் வெச்சுப் பாத்தேன். சும்மா இருக்கும்போது 34 வாட், முழு வேலை கொடுத்தா 105 வாட். இப்போ காத்துக் கணக்கு. 100 வாட் சூட்டை நிமிஷத்துக்கு 850 லிட்டர் காத்து அள்ளிக்கிட்டுப் போனா, அந்தக் காத்து சுமார் 6 டிகிரிதான் ஏறும். ரூம் 31 டிகிரின்னா வெளிய வர்ற காத்து 37. அவ்வளவுதான். 850 லிட்டர்னா பெரிசாத் தோணும், ஆனா ரெண்டு பெரிய காத்தாடி சோம்பேறித்தனமா சுத்தினாலே அது வந்துடும்.

இங்கதான் முக்கியமான சூட்சுமம். ஒரு காத்தாடியோட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமாரா 15 டெசிபல் குறையும். காத்தும் பாதியாகும். அதை ஈடுகட்ட அதே மாதிரி இன்னொரு காத்தாடி வெச்சா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். நிகர லாபம் 12. காதுக்கு 10 டெசிபல் குறைஞ்சாலே பாதியாக் குறைஞ்ச மாதிரி தெரியும். அதனால ஒரு சின்ன காத்தாடி தலைதெறிக்க ஓடுறதை விட, ரெண்டு பெரிய காத்தாடி நடந்து போறது மேல். வான்கூவர்ல மைக் சின் என்கிறவர் 2002ல ஆரம்பிச்ச சைலண்ட் பிசி ரிவ்யூ தளத்துல இதையெல்லாம் வருஷக்கணக்கா அளந்து அளந்து எழுதினாங்க. இந்தப் பைத்தியம் பிடிச்ச பல பேருக்கு அங்கதான் பிடிச்சது.

முன்பக்கம் வலை வெச்ச கேபினட். உள்ள இழுக்க 140 மில்லிமீட்டர் காத்தாடி ரெண்டு, வெளிய தள்ள பின்பக்கம் 120 மில்லிமீட்டர் ஒண்ணு. உள்ள வர்றது வெளிய போறதை விடக் கொஞ்சம் அதிகம். அப்பதான் உபரிக் காத்து சந்து பொந்து வழியா வெளிய தள்ளும். தூசியும் உப்பும் சந்து வழியா உள்ள வராது, வர்றதெல்லாம் ஃபில்டர் வழியாத்தான் வரணும். பேங்க் மாதிரியேதான், ஒரே கவுண்டர்ல வரவு வெச்சா சரி பாக்கிறது எளிசு. பின்பக்கம் இருந்த எல்லா ஓட்டையையும் மூடித் தகடு போட்டு அடைச்சாச்சு. பல்லி குடும்பம் காலி.

பிராசஸர் மேல உயரமான ஹீட்சிங்க், 120 மில்லிமீட்டர் காத்தாடியோட. எல்லாக் காத்தாடியும் நாலு பின் வகை. மதர்போர்டு சூட்டைப் பாத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனா அப்படியே விட்டுட்டீங்கன்னா அது பதட்டக்காரப் பேர்வழி. ஒரு வெப்சைட் திறந்தாலே சூடு ரெண்டு செகண்ட் எகிறும், காத்தாடியும் "உர்ர்"ருன்னு ஒரு மூச்சு விட்டு அடங்கும். ஒரே சீரா வர்ற சத்தத்தைக் காது மறந்துடும், ஏறி இறங்குற சத்தத்தை மறக்காது. அதனால பயாஸ்ல போய், 60 டிகிரி வரைக்கும் ஒரே மெதுவான வேகம், அதுக்கு மேலதான் படிப்படியா ஏறணும், ஏறுறதுக்கு முன்னாடி சில செகண்ட் பொறுத்துப் பாருன்னு வெச்சேன். காசு செலவே இல்லாத வேலை, பலன் இதுலதான் அதிகம்.

எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் கோல்டு. நம்ம தேவை 105 வாட், எதுக்கு 550? பாதிச் சுமையில இந்த வகை 90 சதவீதத்துக்குக் குறையாம திறன் காட்டும். இன்னும் குறைஞ்ச சுமையில அதோட காத்தாடி சுத்தவே சுத்தாது. வீணாகுறதும் சூடுதானே. தேவையில்லாத வயரைக் கழட்டி வெக்கிற வசதி இருக்கிறதாப் பாத்து வாங்கினேன்.

பொருளெல்லாம் 2025 பொங்கல் லீவுல ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. மவுண்ட் ரோட்டுல இருந்து உள்ள திரும்பினா ஒரு காலத்துல ரேடியோ பார்ட்ஸ் வாங்கின அதே தெருதான். பிராசஸர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் கைப்பையில என் கூடவே பிளேன்ல. ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில வைக்காதீங்க, செக்யூரிட்டியில வாங்கிடுவாங்க. கேபினட் மட்டும் கப்பல்ல வந்த சொந்தக்காரப் பையன்கிட்ட கொடுத்துவிட்டேன். யுபிஎஸ் இங்க அபர்டீன் பஜார்ல வாங்கினேன், பேட்டரியைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்னு. கடைக்கார அண்ணாச்சி திருச்செந்தூர் பக்கம். "சார், இங்க யுபிஎஸ் இல்லாம கம்ப்யூட்டர் வைக்கிறது குடையில்லாம ஜூன் மாசம் நடக்கிற மாதிரி"ன்னார்.

அவர் சொன்னது சரி. இந்தத் தீவுக்கு நாட்டு மின்கட்டத்தோட இணைப்பே கிடையாது. பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர். கொஞ்சம் சூரிய ஒளி. நம்ம நெய்வேலி என்எல்சிதான் 2020ல இங்க 20 மெகாவாட் சோலார், 8 மெகாவாட் அவர் பேட்டரியோட போட்டுக் கொடுத்திருக்கு. தனித்தீவு மின்சாரம், எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. முக்கியமா, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துக்குங்க. இந்த ஈரத்துல கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னா அது விளையாட்டு இல்ல.

இப்போ வயருங்க கதை. படத்துல அழகாத் தெரியணும்னு நிறைய பேர் மெனக்கெடுறாங்க. வயரை ஒளிச்சா சூடு பத்து டிகிரி குறையும்னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க, இந்தக் காலத்து விசாலமான கேபினட்டுல ஒண்ணு ரெண்டு டிகிரி குறைஞ்சாலே அதிகம். அப்புறம் எதுக்கு? காரணம் மூணு. தொங்குற வயர் எப்பவாவது காத்தாடி இறக்கையைத் தொட்டா "டிக் டிக் டிக்". மைக்குக்கு அது இரைச்சலை விடக் கொடுமை. ரெண்டாவது, சிக்கலா கிடக்கிற வயர்ல தூசி கூடு கட்டும். நம்ம ஊர்த் தூசி காய்ஞ்சது, தட்டினா போயிடும். இங்க ஈரமும் உப்பும் கலந்த தூசி. அது மின்சாரம் கடத்தும், பின் எல்லாம் பச்சை பூக்கும். மூணாவது, ஏதாவது போச்சுன்னா இங்க நாமதான் மெக்கானிக். எந்த வயர் எங்க போகுதுன்னு டார்ச் வெளிச்சத்துல தெரியணும்.

நான் செஞ்ச வரிசை இது. போர்டை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே பிராசஸருக்குப் போற எட்டு பின் வயரை மேல் மூலை ஓட்டை வழியா எடுத்து வெச்சிடணும். பின்னாடி கையே நுழையாது. 24 பின் வயர் பக்கத்து ரப்பர் ஓட்டை வழியா. பவர் பட்டன், ரீசெட், விளக்கு வயருங்கதான் நூல் மாதிரி, தலைவலி. அதுங்களைக் கீழ் விளிம்போட ஒட்டிக் கொண்டு போங்க. எல்லாத்தையும் முதல்ல லூசா போட்டு, ஒரு தடவை ஆன் பண்ணி எல்லாம் ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் கட்டுங்க. பிளாஸ்டிக் டை வேண்டாம், வெல்க்ரோ பட்டை போதும். பிளாஸ்டிக் டையை வெட்டும்போது வயரையும் வெட்டிடுவோம். இறுக்கிக் கட்டாதீங்க, மூலையில ஒடிச்சு மடக்காதீங்க. ஒவ்வொரு முனைக்கும் காகிதத்துல பேர் எழுதி டேப் சுத்தினாங்க எங்க பொண்ணு. "முன் காத்தாடி 1", "முன் காத்தாடி 2"ன்னு தமிழ்லயே. அவ கையெழுத்துக்கு அது நல்ல பயிற்சி. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஆச்சு, நடுவுல மீன் குழம்பு இடைவேளை.

ஈரத்தைப் பத்தி ஒரு பயம் பலருக்கு. "இந்த ஈரத்துல உள்ள தண்ணி பிடிக்காதா?" ஓடுற கம்ப்யூட்டருக்குள்ள பிடிக்காது. தண்ணி பிடிக்கிறது சுத்தியிருக்கிற காத்தை விடக் குளிர்ந்த பொருள் மேலதான், ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி. காத்தாடி வெச்சுக் குளிர வைக்கிற எதுவும் ரூம் காத்தை விடக் குளிராகாது. ஆபத்து ரெண்டு இடத்துல. ஏசி ரூம்ல சில்லுன்னு அணைச்சு வெச்ச பொட்டி மேல ஜன்னல் திறந்து வெளிக்காத்து அடிச்சா. இல்ல, மாசக்கணக்கா ஓட்டாமலே வெச்சா. லீவுக்கு ஊருக்குப் போனா பக்கத்து வீட்டுல சாவி கொடுத்து வாரம் ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லிட்டுப் போங்க. அந்தச் சூடே உலர்த்திடும். தரையில வைக்காதீங்க, ஒரு அடி மர ஸ்டூல் போதும்.

பலன் என்னன்னா: ரூம் 31 டிகிரியில, சும்மா இருக்கும்போது பிராசஸர் 43, முழு வேலையில அரை மணி நேரம் விட்டாலும் 71 தாண்டல. அது தாங்கக் கூடியது 95. போன் ஆப்ல சத்தம் அளந்தேன், மைக் இருக்கிற இடத்துல. பழையது 46, புதுசு 31. பொட்டியை அணைச்சா கூட 30 காட்டுது. போன் ஆப் எண் துல்லியம் இல்ல, வித்தியாசத்தை மட்டும் பாருங்க. சீலிங் ஃபேனைப் பேசும்போது மட்டும் நிறுத்திடுறோம். வேர்க்கும், பரவாயில்ல.

செலவு: பிராசஸர் 11,000, போர்டு 9,000, 16 ஜிபி ரேம் 3,500, எஸ்எஸ்டி 5,500, எஸ்எம்பிஎஸ் 6,500, கேபினட் 5,500, ஹீட்சிங்க் 3,000, காத்தாடிங்க 2,500. கூட்டினா 46,500. யுபிஎஸ் 5,500 தனி. மானிட்டர், கீபோர்டு பழசு. 2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிப்போச்சு, அதனால என் கணக்கை வெச்சுக்கிட்டு கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க.

முதல் நாள் பேசினப்போ அம்மாகிட்ட எதுவும் சொல்லல. கொஞ்ச நேரம் திரையையே பாத்துட்டு, "என்னய்யா, மழை விட்டுருச்சா?"ன்னாங்க. அப்புறம் பேரன் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல மூணாவது வந்ததைச் சொன்னான். "எத்தனை பேர் ஓடுனீக?"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க. நாலு பேருன்னான். அம்மா சிரிச்ச சிரிப்புல மிஷின் கழண்டு விழுந்திடும் போல இருந்துச்சு. பல மாசத்துக்கு அப்புறம் அவங்க கேட்ட முதல் எதிர்க்கேள்வி. தங்கமணி சட்டுன்னு எழுந்து அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க, அடுப்புல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்.

இப்போ பேச்சு நாப்பது நிமிஷம் போகுது. பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்காய் திருடினது வரைக்கும் விவரமா வருது. மாத்திரை விஷயத்தை மட்டும் இன்னும் நான் நம்புறதில்ல. பேர், எத்தனை வேளைன்னு அம்மா வாயால திருப்பிச் சொல்லச் சொல்றேன். "என்னையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டான்"னு அக்காகிட்ட குறை சொல்றாங்களாம். சொல்லட்டும்.

வெளிநாட்டுல, வெளியூர்ல இருக்கிற மக்கள் ஒரு காரியம் செய்ங்க. இன்னைக்கு ஊருக்குப் பேசும்போது உங்க பக்கத்துச் சத்தத்தை ரெக்கார்டு பண்ணி நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. புதுப் பொட்டி வாங்கணும்னு இல்ல. பழசைத் திறந்து தூசி தட்டி, பயாஸ்ல காத்தாடி வேகத்தைச் சீராக்கினாலே பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் பெரியவங்ககிட்ட "கேக்குதா?"ன்னு கேக்காதீங்க, "கேக்குது"ன்னுதான் சொல்வாங்க. பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக் கேளுங்க. "இன்னைக்கு என்ன குழம்பு?" போதும்.

மாத்தலாகி வரப்போற நண்பருக்கு மட்டும் கடைசியா ரெண்டு விஷயம். கப்பல்ல பொட்டி அனுப்பினா அந்தப் பெரிய ஹீட்சிங்கைக் கழட்டித் தனியா அனுப்புங்க. முக்கால் கிலோ கனம் போர்டுல தொங்கிக்கிட்டு மூணு நாள் அலையில ஆடினா போர்டு தாங்காது. திரும்ப மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைச்சிட்டுப் புதுசு தடவுங்க. ஃபில்டரை மாசம் ஒரு தடவை கழுவி, நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. இங்க காய ரெண்டு நாள் ஆகும், அதனால ஃபில்டர் ரெண்டு செட் வாங்கிட்டு வாங்க.